பெருந்தொற்றுகளும் பெண்களின் பாலியல் நலமும்: நோயாளி என்ற இடம் எங்கே?

(கல்லூரி மாணவர்களின் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு வைரஸ் நோய்களும் பெண்களின் பாலியல் நலமும். தலைப்பைக் கேட்டதும் இங்கே சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்ததைக் கவனித்தேன். அதில் தவறில்லை. பெண்ணின் கருப்பை, மாதவிடாய், வெள்ளைப்படுதல், ஆணுறை ஆகிய எதையும் சிரிக்காமலோ தலைகுனியாமலோ பேச நமக்கு வீட்டிலும் பள்ளியிலும் யாரும் கற்றுத்தரவில்லை. ஆனால் இந்தப் பேசாமைக்கு ஒரு விலை இருக்கிறது. நம் அம்மாக்களும் அக்காக்களும் அத்தைகளும் அந்த விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நான் இன்று சொல்ல வந்தது ஒரே ஒரு செய்திதான். ஒவ்வொரு தொற்றுநோய் வரும்போதும் இந்தச் சமூகமும் அரசும் பெண்ணுக்கு இரண்டு இடங்களைக் கொடுக்கின்றன. ஒன்று, நோயைப் பரப்புகிறவள் என்று சந்தேகிக்கப்படும் இடம். இரண்டு, பிள்ளையைச் சுமக்கிறவள் என்ற இடம். அவளே ஒரு நோயாளி, அவளுக்கும் வலிக்கும், அவளுக்கும் சிகிச்சை வேண்டும் என்ற மூன்றாவது இடத்தைப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. அந்த இடத்தைக் கேட்டுப் பெறுவது சாதி ஒழிப்பு அரசியலின் வேலை என்று நான் நினைக்கிறேன். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதைச் சொல்கிறேன்.

கொஞ்சம் பின்னால் போவோம். 1868-ல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவில் தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. ராணுவச் சிப்பாய்களிடம் மேகநோய் பெருகியதுதான் காரணம். அது வைரஸ் நோயல்ல, பாக்டீரியா நோய். ஆனால் பின்னால் வந்த வைரஸ் நோய்களுக்கும் அதே பாதைதான் போடப்பட்டது. அந்தச் சட்டம் என்ன சொன்னது? பாலியல் தொழில் செய்யும் பெண்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். குறிப்பிட்ட இடைவெளியில் பிறப்புறுப்புச் சோதனைக்கு வர வேண்டும். நோய் இருந்தால் 'லாக் ஹாஸ்பிட்டல்' என்ற பூட்டிய மருத்துவமனையில் அடைக்கப்பட வேண்டும். நோயோடு அந்தப் பெண்ணிடம் வந்த சிப்பாயை அந்தச் சட்டம் தொடவே இல்லை. 1888-ல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. அந்த மனநிலை நீங்கவில்லை.

1897-ல் பம்பாயிலும் புனேவிலும் பிளேக் பரவியபோது இன்னொரு சட்டம் வந்தது, கொள்ளைநோய்ச் சட்டம். 2020-ல் கொரோனாவுக்காக நம் அரசுகள் கையில் எடுத்ததும் அதே 1897-ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதே 1897-ஆம் ஆண்டு மார்ச் 10 அன்று இறந்தார் சாவித்திரிபாய் புலே. மருத்துவரான மகன் யஷ்வந்துடன் சேர்ந்து பிளேக் நோயாளிகளைக் கவனித்தார், நோய் அவரையும் தொற்றியது. தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குடியிருப்பிலிருந்து ஒரு சிறுவனைத் தானே சுமந்து வந்தார் என்பது அவரது கடைசி நாட்களைப் பற்றிச் சொல்லப்படும் செய்தி. ஒரே ஆண்டில், ஒரே நோய்க்கு இரண்டு விதமான பதில்கள். ஒன்று அதிகாரத்தின் பதில்: சோதி, பிடி, அடை. இன்னொன்று சாவித்திரிபாயின் பதில்: தூக்கு, கவனி, உடனிரு. நாம் இரண்டாவது மரபைச் சேர்ந்தவர்கள். அதை மறக்காமல் மேலே போவோம்.

நம் ஊருக்கு, சென்னைக்கு வருவோம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் எங்கே கண்டறியப்பட்டது தெரியுமா? 1986-ல், இதே சென்னையில். சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் நிர்மலா என்ற மாணவி இந்த ஆய்வைச் செய்தார். போதுமான கருவிகள் இல்லை, கையுறைகூட இல்லை. ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். அந்த இருவரின் உழைப்பு பெரிது, அதில் சந்தேகமே வேண்டாம். அவர்கள் கண்டுபிடிக்கவில்லை என்றால் இந்த நாடு இன்னும் பல ஆண்டுகள் 'இது மேற்கத்திய நோய், நமக்கு வராது' என்று பண்பாட்டுப் பெருமை பேசிக்கொண்டிருந்திருக்கும்.

ஆனால் அந்த ரத்தம் யாருடையது? போலீஸ் பிடித்துக் காவல் இல்லத்தில் வைத்திருந்த பாலியல் தொழிலாளர்களுடையது. ஏதோ பால்வினை நோய்ச் சோதனை என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். எய்ட்ஸ் என்ற சொல் அவர்களிடம் சொல்லப்படவில்லை. முடிவு வந்தது, சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது, நாடே அதிர்ந்தது. அந்தப் பெண்களுக்கு என்ன கிடைத்தது? சிகிச்சை இல்லை. அப்போது மருந்தும் இல்லை. தொற்று இருப்பதாகத் தெரிந்த பெண்கள், விடுதலையாக வேண்டிய நாள் கடந்தும் வெளியே விடப்படவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகு, 1990-ல்தான் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். 1868-க்கும் 1986-க்கும் இடையே நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பூட்டு மட்டும் மாறவில்லை.

அவர்களிடம் போன ஆண்களை யாரும் தேடவில்லை. அந்த ஆண்கள் வீட்டுக்குப் போனார்கள். வீட்டில் மனைவி இருந்தார். அடுத்த பத்தாண்டுகளில் எச்.ஐ.வி. யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால், தன் வாழ்க்கையில் கணவன் ஒருவனைத் தவிர யாரையும் அறியாத பெண்களிடம் சேர்ந்தது. நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா பெரியசாமி 1995-ல் லாரி ஓட்டுநர் ஒருவருக்கு மணமுடித்து வைக்கப்பட்டவர். திருமணமான சில வாரங்களில் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்தார். முடங்கிப் போகவில்லை. 1998-ல் தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்துக்கொண்டு 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' என்ற அமைப்பைத் தொடங்கினார். 'நல்ல பெண், கெட்ட பெண்' என்று இந்தச் சமூகம் போட்ட கோட்டை வைரஸ் மதிக்கவில்லை என்பதை உலகத்துக்குச் சொன்னவர்கள் இவர்கள்தான்.

இதில் ஓர் உடலியல் உண்மையும் இருக்கிறது. ஆண்-பெண் உறவில் ஆணிடமிருந்து பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு அதிகம். பெண்ணுறுப்பின் உட்சவ்வின் பரப்பு பெரிது. விந்து அங்கே நெடுநேரம் தங்குகிறது. பல பால்வினைத் தொற்றுகள் பெண்ணுடலில் அறிகுறி காட்டாமலே இருக்கும், அந்தப் புண்களும் வைரஸுக்கு வழிவிடும். இவ்வளவும் இயற்கை. ஆனால் ஆணுறை போடு என்று கணவனிடம் சொல்ல முடியாமல் இருப்பது இயற்கை இல்லை. சொன்னால் 'என் மேல சந்தேகமா, இல்ல உன் மேல சந்தேகமா' என்று திருப்பிக் கேட்கும் சமூகம் நாமே உருவாக்கியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கர்ப்பமான பெண்ணுக்கு அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. சோதனை செய்வார்கள். நல்ல திட்டம்தான், குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்க முடியும். ஆனால் அதனால் குடும்பத்தில் முதலில் தெரியவருவது பெண்ணின் முடிவு. முதலில் தெரிந்தவள்மீதே 'நீதான் கொண்டுவந்தாய்' என்ற பழி விழுகிறது. உலகம் முழுக்க 'தாயிடமிருந்து சேய்க்கு' என்று சொன்னபோது, இந்தியத் திட்டத்தில் 'பெற்றோரிடமிருந்து குழந்தைக்கு' என்று பெயர் வைத்தார்கள். ஒரு சொல்தான். ஆனால் அந்த ஒரு சொல்லில் அப்பனையும் கணக்கில் சேர்த்தார்கள். சொல்லுக்காக ஏன் சண்டை போடுகிறீர்கள் என்று நம்மிடம் கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து இலவசம். அதைத் தவறாமல் எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அது அப்படியே நீடிக்கிறவர்களிடமிருந்து பாலுறவு வழியாக எச்.ஐ.வி. பரவுவதில்லை. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் சோதிக்கக் கூடாது, வேலையிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் பாகுபாடு காட்டக் கூடாது. காவல் இல்லத்துப் பெண்களுக்கு மறுக்கப்பட்டது இன்று சட்டம். இதைப் போராடி வாங்கியவர்களில் தொற்றுள்ள பெண்களும் இருந்தார்கள்.

சரி, எச்.ஐ.வி.க்கு அடுத்து, அதைவிட அமைதியான ஒரு வைரஸைப் பற்றிப் பேச வேண்டும். பெயர் எச்.பி.வி. இதற்கு ஊரடங்கு கிடையாது, தொலைக்காட்சியில் தினசரி எண்ணிக்கை கிடையாது. ஆனால் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஏறக்குறைய முழுக் காரணமும் இந்த வைரஸ்தான். இதில் பல வகைகள் உண்டு. 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே பத்தில் ஏழு பங்கு கருப்பை வாய்ப் புற்றுநோய்களுக்குக் காரணம். இந்தியாவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1.25 லட்சம் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வருகிறது. 75 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இது வரும் அபாயம் ஆறு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இது பாலுறவில் பரவும் மிகச் சாதாரணமான வைரஸ். பாலுறவில் ஈடுபடும் ஆண், பெண் இருவரில் பெரும்பாலானோருக்கு வாழ்க்கையில் எப்போதாவது தொற்றும். பெரும்பாலும் உடலே இரண்டு ஆண்டுகளுக்குள் விரட்டிவிடும். விரட்ட முடியாமல் சிலரிடம் தங்கிவிடும்போது, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது புற்றாக மாறலாம். ஆக, இந்தத் தொற்று இருப்பதற்கும் ஒழுக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆணுக்கும் இந்த வைரஸால் சில புற்றுநோய்கள் வரும். ஆனால் சாவின் பெரும்பங்கு பெண்ணுக்கே.

புற்றாக மாறப் பத்தாண்டுகள் ஆகும் என்றால் என்ன பொருள்? கண்டுபிடிக்கப் பத்தாண்டு அவகாசம் இருக்கிறது என்று பொருள். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் எளிய சோதனை இருக்கிறது. சில நிமிடங்கள்தான் ஆகும். 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தச் சோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் இந்தியாவில் நூற்றுக்கு 1.9 பேர். தமிழ்நாட்டில் 9.8 பேர். நாட்டிலேயே முன்னணியில் இருக்கிறோம் என்று பெருமைப்படலாம். நூற்றுக்குத் தொண்ணூறு பேரை இன்னும் யாரும் சோதிக்கவில்லை என்றும் அதைப் படிக்கலாம்.

ஏன் போகவில்லை? பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. நூறு நாள் வேலைக்குப் போகும் பெண் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. உடலைத் திறந்து காட்ட வேண்டும், தடுப்புத் திரை இருக்குமா என்று தெரியாது. வெள்ளைப்படுகிறது என்று சொன்னால் என்ன நினைப்பார்களோ என்ற பயம். இதற்கு மேல் சேரியிலிருந்து வருகிறவள் என்றால் பேச்சின் தொனியே மாறும். தொட்டுப் பார்க்காமல் தள்ளி நின்று மருந்துச் சீட்டு எழுதுவதைத் தலித் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தொட மறுக்கும் சமூகத்தில், தொட்டுத்தான் செய்ய வேண்டிய இந்தச் சோதனை யாருக்குக் கடைசியாகப் போய்ச் சேரும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தலித் பெண்கள், உயர்சாதி எனப்படும் பெண்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டுகள் முன்பாகவே இறந்துவிடுகிறார்கள் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018-ல் சொன்னது. அந்தப் பதினான்கரை ஆண்டுகளும் இப்படிப் போகாத, போக முடியாத ஆஸ்பத்திரி வாசல்களில்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைகின்றன.

எச்.பி.வி.க்குத் தடுப்பூசி உண்டு. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் மிக நல்ல பலன். ஒரு தவணையே போதும் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. சிறுமிகளுக்கு இதைப் படிப்படியாகப் போடுவதாகத் தமிழ்நாடு அரசு 2025 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. வரவேற்போம். 'சின்னப் பெண்ணுக்கு இந்த ஊசி எதுக்கு, தப்பான வழிக்குப் போகவா' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பையும் எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலியாவில் 2013 முதல் பையன்களுக்கும் பள்ளியிலேயே போடுகிறார்கள். பரப்புவதில் பங்கு இருவருக்கும் உண்டு என்றால் ஊசியிலும் பங்கு இருக்க வேண்டும் அல்லவா?

ஆனால் இந்தத் தடுப்பூசியின் இந்திய வரலாற்றில் ஒரு காயம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டுத் தடுப்பூசிக்கு ஆதரவாகப் பேச முடியாது. 2009-ல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும், குஜராத்தின் வதோதராவிலும் 'பாத்' என்ற அமெரிக்க நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து, ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்கு இந்த ஊசியைப் போட்டது. பலர் பழங்குடிச் சிறுமிகள், அரசு விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஏழு சிறுமிகள் இறந்த செய்தி வெளிவந்து, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. அந்த மரணங்களுக்கு ஊசி காரணமில்லை என்றே அரசின் விசாரணையில் சொல்லப்பட்டது. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதத்தை 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்ல ஊசிதான். நகரத்துத் தனியார் பள்ளியில் படிக்கும் பெண்ணிடம் இப்படிக் காப்பாளர் கையெழுத்தோடு ஊசி போட்டிருப்பார்களா என்பதுதான் கேள்வி. பழங்குடிப் பெண்ணின் உடலுக்கு அவளுடைய சம்மதமும் வேண்டாம், அவள் அம்மா அப்பாவின் சம்மதமும் வேண்டாம் என்று நினைத்ததன் பெயர் சாதி அல்லாமல் வேறென்ன?

இதெல்லாம் இந்தியாவின் பிரச்சினை மட்டுமா என்றால், இல்லை. ஏழைப் பெண்ணும் கறுப்பினப் பெண்ணும் எங்கே இருந்தாலும் கதை இதுதான். இரண்டு நாடுகளைச் சொல்கிறேன்.

2015-16-ல் பிரேசிலில் தொடங்கி லத்தீன் அமெரிக்கா முழுக்க ஜிகா வைரஸ் பரவியது. கொசுவால் பரவும், பாலுறவாலும் பரவும். கர்ப்பிணிக்கு வந்தால் குழந்தை சிறிய தலையோடு, மூளை வளர்ச்சிக் குறைபாட்டோடு பிறக்கலாம். அப்போது எல் சால்வடார் அரசு பெண்களுக்கு ஓர் அறிவுரை சொன்னது: 2018 வரை கர்ப்பமாகாதீர்கள். கர்ப்பம் ஏதோ பெண் தனியாக உட்கார்ந்து எடுக்கும் முடிவு போல! அந்த நாட்டில் 1998 முதல் எந்தக் காரணத்துக்கும் கருக்கலைப்புக்கு அனுமதி இல்லை. வன்புணர்வுக்கு உள்ளானாலும் இல்லை, உயிர் போகும் நிலை என்றாலும் இல்லை. கர்ப்பமாகாதே என்று பெண்ணிடம் சொன்ன அரசு, ஆணுறை போடு என்று ஆணிடம் அதே குரலில் சொல்லவில்லை.

மேற்கு ஆப்பிரிக்காவில் 2014-ல் எபோலா. அதிலிருந்து பிழைத்த ஆண்களின் விந்தில் பல மாதங்கள் வரை வைரஸ் இருக்க முடியும் என்று கண்டறிந்தார்கள். நோய் முடிந்த பிறகும் படுக்கையறையில் அபாயம் தொடர்ந்தது. சியரா லியோனில் பள்ளிகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. வறுமையிலும் வன்முறையிலும் பல சிறுமிகள் கர்ப்பமானார்கள். 2015-ல் பள்ளி திறந்தபோது அந்த அரசு என்ன செய்தது? கர்ப்பமாக இருப்பது வெளியே தெரியும் மாணவிகள் பள்ளிக்கு வரக் கூடாது என்று தடை போட்டது. 2019 டிசம்பரில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு நீதிமன்றம் அந்தத் தடை தவறு என்று தீர்ப்பளித்தது. 2020 மார்ச்சில்தான் தடை நீங்கியது. அதே மாதம் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மீண்டும் மூடத் தொடங்கியது உலகம்.

2020 மார்ச் 24 இரவு நமக்கு நினைவிருக்கிறது. நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு பூட்டப்பட்டது. நெடுஞ்சாலையில் நடந்த தொழிலாளர்களைப் பார்த்தோம், அழுதோம். அந்தக் கூட்டத்தில் நடந்த பெண்களுக்கு மாதவிடாய் வந்திருக்கும், மறைவிடம் எங்கே இருந்தது என்று எத்தனை பேர் யோசித்தோம்? அத்தியாவசியப் பொருள் பட்டியலில் முதலில் நாப்கின் இல்லை. மார்ச் 29 அன்று உள்துறைச் செயலாளர் தனியாக விளக்கம் தர வேண்டியிருந்தது. நம் மாநிலத்தில் 2011 முதல் 'புதுயுகம்' திட்டத்தில் வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் உண்டு. ஆனால் அது கைக்கு வரும் முக்கியமான இடம் பள்ளி. பள்ளியைப் பூட்டினால் அந்தக் கதவும் பூட்டிக்கொள்ளும்.

கருத்தடைக்கு என்ன ஆனது? காப்பர்-டி போடும் அறைகளிலும் குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்யும் இடங்களிலும் பணி நின்றது. சுகாதாரப் பணியாளர்கள் கொரோனா வேலைக்குத் திருப்பிவிடப்பட்டார்கள். பேருந்து இல்லை. 1971 முதல் இந்த நாட்டில் சட்டபூர்வமான கருக்கலைப்பு இருக்கிறது. ஆனால் அந்த முதல் மூன்று மாதங்களில் மட்டும் 18.5 லட்சம் பெண்களுக்கு உரிய நேரத்தில் கருக்கலைப்பு கிடைக்காமல் தடைபட்டிருக்கும் என்று ஐபாஸ் அமைப்பு கணித்தது. கருக்கலைப்பில் நாட்கணக்கு முக்கியம். ஏழாவது வாரத்தில் மாத்திரையில் முடிவது, பதினைந்தாவது வாரத்தில் மருத்துவமனையில் தங்க வேண்டியதாகிவிடும். அன்றைய சட்டப்படி இருபது வாரம் தாண்டிவிட்டால் கதவே மூடிவிடும். ஊரடங்கு முடியும்வரை கரு வளராமல் காத்திருக்காது, தோழர்களே.

இதை இன்னொன்றோடு சேர்த்துப் பாருங்கள். கணவன் மனைவியைக் கட்டாயப்படுத்தி உறவுகொள்வதை இந்தியச் சட்டம் வன்புணர்வாகக் கருதுவதில்லை. பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்த அந்த விலக்கு, பெயர் மாற்றிய புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. வேலையிழந்து, விரக்தியோடு, இருபத்துநான்கு மணி நேரமும் ஓர் அறை வீட்டுக்குள் கணவன். வேண்டாம் என்று சொல்லச் சட்டம் துணையில்லை. கருத்தடை இல்லை. கருக்கலைப்பு இல்லை. அம்மா வீட்டுக்குப் போக பஸ் இல்லை. போனில் பேசினால் பக்கத்தில் அவனே இருக்கிறான். அதனால்தான் தேசிய மகளிர் ஆணையம் 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் எண் ஒன்றை அறிவிக்க வேண்டி வந்தது. 'வீட்டிலேயே இருங்கள், பாதுகாப்பாக இருங்கள்' என்ற வாசகத்தை எழுதியவருக்கு வீடு பாதுகாப்பான இடமாக இருந்திருக்கும்.

அந்த நாட்களில் தெருவில் இறங்கி வேலை செய்தவர்கள் யார்? தூய்மைப் பணியாளர்கள். பெரும்பாலும் அருந்ததியர், ஆதிதிராவிடர். அவர்களில் பாதிப் பேராவது பெண்கள் என்பது காலையில் நம் தெருவைப் பார்த்தாலே தெரியும். கைதட்டினோம், தட்டு தட்டினோம், மாலை போட்டோம். மாதவிடாய் நாளில் அவர் எங்கே போய்த் துணி மாற்றுவார் என்று கேட்கவில்லை. ஊரடங்கில் டீக்கடையும் மூடி, கட்டணக் கழிப்பறையும் மூடிய நகரத்தில் அவர் தண்ணீர் குடிக்காமல் இருந்து சமாளித்தார். சிறுநீரை அடக்கிக்கொள்கிற உடலில் என்னென்ன தொற்று வரும் என்பது மருத்துவம் படித்த எவருக்கும் தெரியும். கவச உடை போட்டுப் பல மணி நேரம் கழற்ற முடியாமல் நின்ற செவிலியர்களின் நிலையும் இதுதான். கொரோனாவின் சேதக் கணக்கில் இந்த நோய்கள் எதுவும் வராது.

பிறகு தடுப்பூசி வந்தது. இந்தியாவில் 2021 ஜனவரி 16 அன்று தொடங்கினார்கள். கர்ப்பிணிகளுக்கு அனுமதி கிடைத்தது எப்போது? ஜூலை 2. இடையில்தான் இரண்டாம் அலை வந்து போனது. சோதனைக் கட்டத்தில் கர்ப்பிணிகளைச் சேர்க்கவில்லை, அதனால் தரவு இல்லை, தரவு இல்லாததால் ஊசி இல்லை. பாதுகாப்பு என்ற பெயரில் விலக்கி வைத்து, அந்த விலக்கையே ஆபத்தாக்கிவிட்டார்கள்.

ஊசிக்குப் பிறகு மாதவிடாய் தள்ளிப்போகிறது, ரத்தப்போக்கு கூடுகிறது என்று உலகம் முழுக்கப் பெண்கள் சொன்னார்கள். மனப்பிரமை, பதற்றம் என்று பதில் வந்தது. தடுப்பூசி ஆய்வுகளில் மாதவிடாயைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பதுதான் உண்மை. பிறகு ஆராய்ந்தார்கள். ஒரு தவணைக்குச் சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவான தாமதம், அதுவும் தானே சரியாகிவிடும் என்று 2022 ஜனவரியில் வெளிவந்த ஆய்வு சொன்னது. ஆபத்து ஏதும் இல்லை. ஆனால் பெண்கள் சொன்னது உண்மை. தொடக்கத்திலேயே கேட்டு, பதில் சொல்லியிருந்தால் என்ன? சொல்லாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்தது. மாதவிடாய்க்கு ஐந்து நாள் முன்னும் பின்னும் ஊசி போடக் கூடாது என்று 2021 ஏப்ரலில் வாட்ஸ்அப்பில் சுற்றியது நினைவிருக்கும். அரசே மறுப்பு வெளியிட்டது. ஊசி போட்டால் குழந்தை பிறக்காது என்ற பொய்யும் அப்படித்தான் பரவியது. பெண்ணின் கேள்வியை மதிக்காத அறிவியல், பெண்ணை வதந்தியின் கையில் ஒப்படைக்கிறது.

இப்போது அடிப்படைக் கேள்விக்கு வருவோம். ஏன் இப்படி?

1916-ல் அண்ணல் அம்பேத்கர் தன் 'இந்தியாவில் சாதிகள்' ஆய்வில் இதற்கான விடையைத் தந்துவிட்டார். சாதியின் உயிர்நாடி அகமணம். அகமணத்தைக் காக்க வேண்டுமென்றால் பெண்ணின் பாலுறவைக் கட்டுப்படுத்தியாக வேண்டும். உடன்கட்டையும், கட்டாயக் கைம்மையும், குழந்தைத் திருமணமும் அதற்கான கருவிகள். இதை இன்றைய மருத்துவமனைக்குக் கொண்டுவந்து பாருங்கள். வெள்ளைப்படுகிறது, அடிவயிறு வலிக்கிறது என்று போகும் இளம்பெண்ணிடம் கேட்கப்படும் முதல் கேள்வி என்ன? 'கல்யாணம் ஆயிடுச்சா?' அது நோயை அறியக் கேட்கும் கேள்வி இல்லை. யாருடைய சொத்து நீ என்று கேட்கும் கேள்வி. பெண்ணின் பிறப்புறுப்பில் வரும் நோய் இந்தச் சமூகத்துக்கு நோயாகத் தெரிவதில்லை, ஒழுக்கச் சான்றிதழாகத் தெரிகிறது. அதனால்தான் அவள் சந்தேகத்துக்குரியவள் ஆகிறாள், அல்லது வம்சத்தைச் சுமப்பவள் ஆகிறாள். நோயாளி ஆவதில்லை.

இந்தப் பூட்டை உடைக்க முயன்ற மரபும் நமக்கு இருக்கிறது. 1928-ல் பம்பாய் சட்டமன்றத்தில் தொழிலாளப் பெண்களின் பேறுகால உரிமைக்காகப் பேசியவர் அம்பேத்கர். 1938-ல் அவர் சார்பில் கருத்தடை பற்றிய தீர்மானம் அதே பம்பாயில் கொண்டுவரப்பட்டுத் தோற்கடிக்கப்பட்டது. இங்கே தந்தை பெரியார், மற்றவர்கள் கருத்தடையை மக்கள்தொகைக்காகவும் வறுமைக்காகவும் பேசியபோது, பெண்ணின் விடுதலைக்காகப் பேசினார். பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது அவள் உரிமை என்றார். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து நிலவரம் என்ன? குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்ட பெண்கள் நூற்றுக்கு 37.9, ஆண்கள் 0.3. அதே 2019-21 கணக்கெடுப்பின் எண்கள்தான். ஆணுக்கு அது எளிய, சில நிமிட சிகிச்சை. கத்தியும் பெண்ணுக்கே, பழியும் பெண்ணுக்கே.

ஆகவே நாம் என்ன செய்ய வேண்டும்? கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். அடுத்த தொற்று வரும், வராமல் இருக்காது. அது வரும் முதல் நாளே கருத்தடை, கருக்கலைப்பு, நாப்கின், பேறுகாலச் சேவை நான்கும் எந்த ஊரடங்கிலும் நிற்கக் கூடாத சேவைகள் என்று மாநில அரசு எழுத்தில் வைத்திருக்க வேண்டும். தூய்மைப் பணியாளருக்குப் பணியிடத்தில் தண்ணீரோடு கழிப்பறை வேண்டும். கருப்பை வாய்ச் சோதனைக்குப் போகும் பெண்ணுக்கு அன்றைய கூலி கிடைக்க வேண்டும், அல்லது சோதனை அவள் வேலை செய்யும் இடத்துக்கு வர வேண்டும். எச்.பி.வி. ஊசி பையன்களுக்கும் வேண்டும். எந்த விடுதியில், எந்த ஊரில் போட்டாலும் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் அவர்கள் மொழியில் விளக்கி ஒப்புதல் வாங்க வேண்டும். மருந்து ஆய்வுகளில் மாதவிடாய் பற்றிய கேள்வி கட்டாயமாக வேண்டும்.

நாளை காலையிலிருந்தே நாம் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. திருமணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரை, சட்டம் சொல்லும் காரணங்களுக்கு, கருக்கலைப்பு உரிமை உண்டு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழான பெண்ணின் பெயரை மருத்துவர் போலீசிடம் சொல்லியாக வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. இதை உங்கள் தோழிகளுக்குச் சொல்லுங்கள். வீட்டில் முப்பது வயது தாண்டிய பெண்கள் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் துணைக்குப் போங்கள். துணைக்குப் போவதைப் பெண்களிடமே விட்டுவிடாதீர்கள். ஆண் தோழர்களே, அம்மாவிடம் 'அந்தச் சோதனை செஞ்சியாம்மா' என்று கேட்பது உங்களுக்குக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள். முதலில் 'உனக்கு எதுக்குடா இதெல்லாம்' என்று திட்டுவார். பத்து நாள் கழித்து, 'அது எங்க செய்றாங்கன்னு சொன்ன?' என்று அவரே கேட்கலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். எழுந்து நின்று கேட்கத் தயக்கமாக இருந்தால் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், பெயர் வேண்டாம். எல்லாவற்றையும் வாசித்துப் பதில் சொல்லிவிட்டுத்தான் போவேன்.